காலி என்று சான்றளிக்கப்பட்ட அறை

கதவு சாத்தப்பட்டது மெக்கானிக்கின் காதில் விழவில்லை. விழ வழியும் இல்லை. கோல்டு ரூமுக்குள் கூரையோரம் மூன்று காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கதவோ அரைச் சாண் தடிமன். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்தது. விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, சாத்தியதும் முத்தம் கொடுப்பது போலச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே ஊர்வலமே போனாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நல்ல குளிர் அறைக்கு இலக்கணமே அதுதான்.

அவர் முட்டிபோட்டு, வடிகால் குழாய் வாயில் கட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஊழியர் அல்ல. இருபது வருடமாக ஒப்பந்தத்தில் வந்துபோகிறவர். அவருக்குப் பின்னால் ஓர் ஆய்வு மாணவி, அடுக்கில் தன் குப்பிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிட வேலை என்று மெல்லிய வெள்ளைக் கோட்டோடு வந்திருந்தாள். குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். இன்னொரு முறை தள்ளினாள்.

"அண்ணா, கதவு இழுத்துப் பிடிக்குது."

"உறைஞ்சிருக்கும்மா. தோளைக் குடுத்துத் தள்ளு."

தோளைக் கொடுத்தாள். பிறகு அவரும் கொடுத்தார். அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்திரண்டு.

வெளியே நடந்தது இதுதான். அது பாதுகாப்பு வாரம். மூன்றாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு உயிரியல் கட்டடத்தைக் காலிசெய்யும் பயிற்சி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தளப் பொறுப்பாளர் உண்டு. இரண்டாம் மாடியின் பொறுப்பாளர் மற்ற நாட்களில் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவர். அவர் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் பூட்டி, 'காலி' என்ற பச்சை அட்டையை ஒட்ட வேண்டும். கையேட்டில் முன்பு பத்து விநாடி என்றுதான் இருந்தது. அதனால் போன வருடம் சாதனை நேரம் தவறிப்போயிற்று என்று மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பாளர் கோல்டு ரூமின் முன்னும் மூன்று விநாடி நின்றார். அரைச் சாண் நுரை அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"கவலைப்படாதேம்மா," என்றார் மெக்கானிக். "உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டினாலும் திறக்க வழி உண்டு."

அது அவருக்கு மிகவும் பிடித்த சாமான். பூட்டின் நாக்கு போய் மாட்டுகிற கொக்கி, கதவுச் சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது, சட்டத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் ஒரு நீளத் திருகு. அந்தத் திருகின் உள்முனையில் கைக்கு அடக்கமாக ஒரு குமிழ், இருட்டிலும் ஒளிரும். குமிழை இடப்பக்கம் ஆறு சுற்றுச் சுற்றினால் திருகு கழன்று வரும். வெளியே கொக்கி தானாகக் கீழே விழும். சாவி யாரிடம் இருந்தாலும் கவலை இல்லை, பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு திறந்துகொள்ளும். கழன்று வருவதுதான் அதன் வேலை.

குமிழ் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. ஓட்டையில் நுரை அடைத்து, மேலே 'ஆய்வு செய்யப்பட்டது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

மெக்கானிக் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த தடித்த மேல்கோட்டு இருக்கிறதா என்று திரும்பினார். வெறும் ஆணிதான் இருந்தது. குளிர் அறைக்குள் தொங்கும் துணி தீப்பிடிக்கும் பொருள் என்று போன மாதமே எடுத்துவிட்டார்கள். அவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

"போட்டுக்கோ."

"நீங்க?"

"எனக்கு ஸ்வெட்டர் இருக்கு. பேசிக்கிட்டு நின்னா ரெண்டு பேருக்கும் குளிரும்."

அந்தத் தகடுகளுக்குள் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஃபோன் இருந்தது. போன பாதுகாப்பு வாரத்தின் அன்பளிப்பு. எடுத்தால் ஒரே ஒரு இடத்துக்குப் போகும். எடுத்தார்.

"அவசரக் கட்டுப்பாட்டு அறை. உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு. சொல்லுங்க சார்." இளம் ஆண் குரல்.

"உயிரியல் கட்டடம், ரெண்டாவது மாடி, கோல்டு ரூம். வெளியே பூட்டிட்டாங்க. உள்ளே ரெண்டு பேர் இருக்கோம். மைனஸ் இருபது."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "எந்த வகை அவசரம் சார்? மொத்தம் பதினாலு இருக்கு."

"பூட்டிட்டாங்க தம்பி."

"பூட்டு இல்லையே சார். தீ, வெள்ளம், தேனீ, கூட்ட நெரிசல்… லிஃப்ட்ல மாட்டிக்கிட்டதுன்னு ஒண்ணு இருக்கு. அதுல போடட்டுமா?"

"போடுப்பா, எதுலயாவது போடு."

"எந்த லிஃப்ட் சார்? அந்தக் கட்டடத்துல லிஃப்டே கிடையாதுன்னு வருது."

மாணவி ஃபோனுக்கு வாயைக் கொண்டுவந்தாள். "வகையை விடுங்க. ஆளை அனுப்புங்க. இங்க மூச்சு விட்டா பனியா விழுது."

"அனுப்பறேன் மேடம். உள்ளே எத்தனை பேருன்னு போட்டாத்தான் ஆள் அனுப்பற பட்டன் வரும். ரெண்டுன்னு போடறேன்… ஏத்துக்க மாட்டேங்குது. கட்டடம் காலின்னு பத்து நாற்பத்தெட்டுக்கே சான்று குடுத்துட்டாங்க. காலியான கட்டடத்துல பூஜ்யம்தான் போட முடியும்."

"அப்ப நாங்க யாரு?"

"பேரு சொல்லுங்க, பார்க்கறேன்." மாணவி இருவர் பெயரையும் சொன்னாள். "நீங்க மைதானத்துல இருக்கீங்க மேடம். உங்க பேருக்கு நேரா டிக் இருக்கு."

மாணவி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய ஆய்வகத் தோழி, மைதானத்தில் பெயர் வாசிக்கும்போது அவளுக்காக ஒரு "உள்ளேன்" போட்டிருப்பாள். வகுப்பில் வழக்கமாகச் செய்கிற உதவிதான்.

"சாருக்கு டிக் இல்லை," என்றது குரல், நல்ல சேதி சொல்வது போல. பிறகு தயங்கியது. "ஆனா சார் பேரே பட்டியல்ல இல்லை. ஒப்பந்தக்காரங்க பட்டியல்ல வர மாட்டாங்க. பட்டியல்ல இல்லாதவங்க காணாமப் போக முடியாதுங்களே."

"தம்பி, நீ எங்கே இருக்கே?"

"எதிர்க் கட்டடம் சார். உங்க ஜன்னலெல்லாம் தெரியுது."

"எந்திரிச்சு வந்து யார்கிட்டயாவது சாவி வாங்கித் திறப்பா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "நான் எந்திரிச்சா கட்டுப்பாட்டு அறை காலியாயிடும் சார். அதையும் சான்று பண்ணிடுவாங்க." விசைகள் மறுபடி தட்டப்பட்டன. "இயக்குநருக்குப் போட்டுத் தரேன். மேடையில இருக்காரு. காதுல கருவி மாட்டியிருக்காரு."

பயிற்சி முடிந்த அறிவிப்பு எப்போது வரும் என்று மெக்கானிக் கேட்டார். ஒரு மணிக்கு என்றது குரல். காலிசெய்தவர்கள் எல்லோரும் மைதானத்தில் உட்கார்ந்து உரைகளைக் கேட்ட பிறகுதான் கட்டடம் திறக்கப்படும். மெக்கானிக் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம். ஸ்வெட்டருக்கும் மெல்லிய ஜாக்கெட்டுக்கும் அது ஆகாது. முக்கால் மணி தாங்கலாம், ஒரு மணி என்று பேராசைப்படலாம். நடுங்குகிறவரை பயமில்லை, உடம்பு சூடு உண்டாக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்றால்தான் பயம். இதை அவர் மாணவியிடம் சொல்லவில்லை. அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தை மட்டும் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபோனில் கைதட்டல் ஒலி வந்தது. அதன் மேல் ஒரு கனத்த குரல்.

"பாதுகாப்பு இயக்குநர் பேசறேன். சீக்கிரம் சொல்லுங்க, அடுத்தது பொன்னாடை."

மெக்கானிக் சொன்னார். மூன்றே வாக்கியம்.

"எட்டு நிமிஷம் பதினாலு விநாடி," என்றார் இயக்குநர். "அந்தக் கட்டடத்தை அவ்வளவு நேரத்துல காலி பண்ணியிருக்கோம். நானூத்திப் பன்னிரண்டு பேர்ல நானூத்திப் பன்னிரண்டு. நூறு சதவீதம். இப்பத்தான் துணைவேந்தர் முன்னாடி சொன்னேன். ரெண்டு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா யோசிச்சிருக்கலாம்."

"சார், உள்ளேயிருந்து திறக்கிற குமிழைக் காணோம். அதுமட்டும் இருந்திருந்தா உங்களைத் தொந்தரவே பண்ணியிருக்க மாட்டேன்."

"அந்தக் குமிழா?" இயக்குநரின் குரல் மலர்ந்தது. "அதை எடுத்தது நாங்கதான். போன ஆய்வுல எங்க குழு அதைத் திருகிப் பார்த்தது. நம்ப மாட்டீங்க, கையாலேயே கழன்று வருது. ஆறே சுத்து. அவசரத்துக்கு வச்ச சாமான் அப்படி லூசா இருக்கலாமா? உடனே அகற்றிட்டு, கொக்கியை வெளிப்பக்கமே வெல்டு வச்சு இறுக்கிட்டோம். கழலவே கழலாத குமிழ் ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கோம். பழையது கண்காட்சியில இருக்கு, கீழ்த்தளத்துல. 'தக்க நேரத்தில் கண்டறியப்பட்ட ஆபத்து' அப்படின்னு. முதல் பரிசு அதுக்குத்தான்."

 கழல்வதுதான் அதன் வேலை என்று மெக்கானிக் தொடங்கினார்.

"பாருங்க, நான் ஈரமில்லாத ஆள் கிடையாது," என்று இடைமறித்தார் இயக்குநர். "எனக்கு மனுஷங்கதான் முக்கியம். அதனாலதான் சொல்றேன், மனுஷங்க எல்லாரும் வெளியே இருக்காங்கன்னு சான்று இருக்கும்போது, உள்ளேயிருந்து ரெண்டு பேர் வந்தா, சான்று மேல மனுஷங்களுக்கு நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போனா அடுத்த தடவை யார் ஒழுங்கா காலி பண்ணுவா? உங்க ரெண்டு பேருக்காக எதிர்காலத்துல எத்தனை உயிரைப் பணயம் வைக்கறது? ஒரு மணி வரைக்கும் சமாளிங்க. திறந்ததும் மைதானம் பக்கம் வராதீங்க, பின்பக்கப் படியால இறங்கிடுங்க. பொன்னாடை வந்துடுச்சு."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

மாணவி ஃபோனைப் பார்த்தபடியே நின்றாள். "அண்ணா, நாலு வருஷமா என் குப்பிக்கெல்லாம் நானே லேபிள் ஒட்டியிருக்கேன். ஒரு மணிக்கு எனக்கும் ஒண்ணு ஒட்டிடுவாங்க."

"பேசாதே, வாய் வழியா சூடு போகும்," என்றார் அவர். ஆனால் மறுபடி ஃபோனை எடுத்தார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். ஒரு மணிக்கு முன்னாடி இந்தக் கட்டடத்தைத் திறக்க என்னதான் வழி? கையேட்டுல என்ன எழுதியிருக்கோ அதைப் படி."

பக்கங்கள் புரண்டன. "விதி முப்பத்தொண்ணு. துணைவேந்தர் எழுத்துப்பூர்வமா ஆணையிட்டா திறக்கலாம். பயிற்சி முடிஞ்ச சங்கு ஊதினா திறக்கலாம். அப்புறம்… விலைமதிப்பற்ற ஆய்வு மாதிரிகள் கெட்டுப்போகும் அபாயம் ஏற்பட்டால், துறைத்தலைவர் தன் சாவியோடு உள்ளே போகலாம். யாரும் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சார்."

மெக்கானிக் ஃபோனை வைத்தார். அடுக்கடுக்காக நின்ற குப்பிகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, காற்றாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் தொங்கிய, பென்சில் நீளமுள்ள உலோகக் குழலைப் பார்த்தார். மாணவியும் பார்த்தாள்.

"சென்சார்," என்றாள். "சூடு ஏறினா எங்க கைடோட ஃபோனுக்கு அலாரம் போகும். துறைத்தலைவரே அவங்கதான். போன தடவை சொந்தத் தம்பி கல்யாணத்துல இருந்து ஓடி வந்தாங்க."

"நான்தான் மாட்டினேன்," என்றார் மெக்கானிக். "மைனஸ் பத்துக்கு மேல போனா அலாரம். அதுல ரெண்டு சங்கடம் இருக்கும்மா. கேட்டுக்கோ."

அவர் விளக்கினார். குளிரில் நாக்கு தடித்திருந்தாலும் விளக்காமல் அவரால் இருக்க முடியாது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் சூடு உள்ளே வரும். அதற்கெல்லாம் அலறக் கூடாது என்பதற்காக அலாரம் இருபது நிமிடம் பொறுக்கும். இருபது நிமிடமும் இடைவிடாமல் சூடு இருந்தால்தான் அடிக்கும். நடுவில் ஒரு முறை குளிர்ந்தால் முதலிலிருந்து எண்ணும். அது ஒன்று. இரண்டாவது, அலாரத்துக்கும் கம்ப்ரசருக்கும் ஒரே சென்சார். அதை உடம்புச் சூட்டில் வைத்தால், அறை வெந்துகொண்டிருக்கிறது என்று இயந்திரம் நம்பிவிடும். குளிரவைக்க முழு மூச்சாக ஓடும். நிற்கவே நிற்காது.

"அப்ப இன்னும் குளிரும்," என்றாள் மாணவி.

"இன்னும் நல்லாக் குளிரும். வயர் குட்டை. காற்றாடிக்கு எதிர்லயே ஏணி போட்டு நிக்கணும்."

"சும்மா இருந்தா ரெண்டு மணி நேரம் மைனஸ் இருபது. இதைச் செஞ்சா இருபது நிமிஷம் அதைவிட மோசம். அவங்க வரலைன்னா…"

"வரலைன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் ஜாக்கெட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். "என் கைடு என்னைப் பார்க்க வர மாட்டாங்க. குப்பியைப் பார்க்க வருவாங்க. ஏணியைப் போடுங்க."

பதினொன்று பதினைந்துக்கு மெக்கானிக் ஏணியில் ஏறி, குழலைப் பிடிப்பிலிருந்து கழற்றினார். விரல்பட்ட இடத்தில் தோல் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தார். ஸ்வெட்டரைத் தூக்கி, சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். நெருப்புத் துண்டை வைத்தது போல இருந்தது. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாயில் 'டக்' என்று வால்வு திறந்தது. வாயு சீறியது. அந்தச் சத்தத்தை வாழ்நாளில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். எதிராளியாக நின்று கேட்டது இல்லை.

காற்று முகத்தில் அறைந்தது. முதல் ஐந்து நிமிடம் கண்ணிமை ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். ஏழாவது நிமிடத்தில் இடது கை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் மாணவி அவர் காலைத் தட்டினாள்.

"இறங்குங்க. என் முறை."

"வேணாம்மா."

"அண்ணா, உங்க உடம்பு ஆறிப்போச்சுன்னா சென்சாரும் ஆறிடும். பெருமைக்கு நிக்காதீங்க."

அது சரியான கணக்கு. ஏணி இருவர் நிற்க இடம் தராது; அவள் அடுத்த படியில் தொற்றிக்கொண்டு, ஜாக்கெட்டைத் திறந்தாள். அவர் குழலை எடுத்து நீட்டினார். அவருடைய விரல்கள் விட மறுத்தன. பிறகு ஒரேயடியாக விட்டன. குழல் வயரில் ஊசலாடி, காற்றில் போய் நின்றது.

 சென்சார் ஆற எத்தனை விநாடி ஆகும் என்று அவருக்குத் தெரியும். அரை நிமிடம், அதிர்ஷ்டமிருந்தால் நாற்பது விநாடி. கையால் பிடிக்க வரவில்லை. வயரைப் பல்லால் கவ்வி இழுத்தார். அவள் குழலை வாங்கி இடுக்கிக்கொண்டபோது பன்னிரண்டு எண்ணியிருந்தார்.

"ஆறியிருக்குமா?"

"ஆறியிருக்காது," என்றார். அவருக்கு நிச்சயமில்லை.

பதினொன்று முப்பதுக்கு அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் நின்றது.

"அண்ணா, இப்ப பரவாயில்லை. குளிரே தெரியலை."

மெக்கானிக் கீழேயிருந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். "பேசு. எதையாவது பேசிக்கிட்டே இரு."

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்க."

"இப்ப பேசச் சொல்றேன். குப்பியில என்ன இருக்கு, சொல்லு."

"மண்ணு," என்றாள் மெதுவாக. "ஆத்தங்கரை மண்ணு. அதுல இருக்கற கிருமி… எவ்வளவு குளிர்லயும் சாகாதாம். எப்படின்னுதான்… கண்டுபிடிக்கறேன்."

"கண்டுபிடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லை."

முப்பத்தைந்து ஆயிற்று. எதுவும் கேட்கவில்லை, அலாரம் அடிப்பது அவளுடைய கைடான பேராசிரியரின் கைப்பையில். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. அந்தப் பன்னிரண்டு விநாடியில் எண்ணிக்கை முதலுக்குப் போயிருந்தால் அலாரம் அடிக்கவே இன்னும் ஏழு நிமிடம் போக வேண்டும். அது அவர்களிடம் இல்லை. மாணவி இப்போது கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்" மட்டும் சொன்னாள். நாற்பதுக்கு அதையும் சொல்லவில்லை. குழலை இடுக்கிய கை மட்டும் இறுகியே இருந்தது.

நாற்பத்தொன்றுக்கு ரப்பர் பட்டை பிரியும் சத்தம் கேட்டது.

பேராசிரியர் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். மைதான வாசலில் இரண்டு காவலர்கள் மறித்தபோது விதி முப்பத்தொன்றைக் கத்தியிருக்கிறார். அவர்கள் வணங்கி வழிவிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தவர் ஏணியைக் கடந்து அடுக்குகளிடம் போய், குப்பிகளை உள்ளங்கையால் தடவினார். "கடவுளே, உறைஞ்சுதான் இருக்கு," என்றார். அதன்பிறகுதான் திரும்பினார். அக்குளில் வயர் தொங்க, ஏணியில் சாய்ந்து நின்ற தன் மாணவியைப் பார்த்தார்.

"நீ மைதானத்துலதானே இருக்கே," என்றார். "பேர் வாசிச்சாங்களே."

பிறகு அவர் முகம் மாறியது. அவளைத் தோளில் வாங்கியவரும், தன் பட்டுச் சால்வையை மெக்கானிக் மேல் போட்டவரும் அவர்தான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மைதானத்து ஓரம் ஆம்புலன்ஸ் நின்றது. பயிற்சிக்காகத் தலையில் சிவப்புச் சாயம் பூசிய ஒருவர் அதில் படுத்திருந்தார். மாணவியைத் தூக்கி வருவதைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார். மேடையில் இயக்குநர் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார். மாணவி ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். மெக்கானிக்கின் இடது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

விசாரணைக் குழு பதினோரு முறை கூடியது. கட்டடம் சான்றளித்தபடி காலியாகத்தான் இருந்தது என்று அது முடிவுசெய்தது. அறை மைனஸ் இருபத்தேழில் இருந்தபோது கருவி பிளஸ் முப்பத்தொன்று காட்டியிருப்பதால், அது பொய் அலாரம். அறைக்குள் இருப்பவர்கள் இப்படிக் கருவியில் கை வைப்பதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே சென்சாரைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி பொருத்திப் பூட்ட வேண்டும். சாவி கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். பொருத்த வேண்டியவர், அந்தக் கருவியை நன்கு அறிந்த மெக்கானிக்.

ஆணையோடு பெட்டியும் வந்தது. கூடவே இயக்குநரும் வந்தார், வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட.

மெக்கானிக் கோல்டு ரூமின் கதவைத் திறந்து, ஏணியை உள்ளே நிறுத்தினார். பெட்டியைக் கையில் எடுக்கவில்லை. கதவோரத்தில் மாணவி நின்றாள். அன்று அவள் தடித்த கோட்டு போட்டிருந்தாள்.

"பெட்டியை எந்த இடத்துல மாட்டணும்னு ஆணையில இல்லை சார்," என்றார் மெக்கானிக். "தப்பா மாட்டிட்டா மறுபடி விசாரணை. உள்ளே வந்து கை காட்டிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"இங்கேயிருந்தே தெரியுது. அங்கதான்."

"அங்கன்னா, இடமா வலமா? அங்கே ஏறித்தான் பார்க்கணும் சார்."

இயக்குநர் ஒரு காலை உள்ளே வைத்தார். குளிர் அறைக் கதவின் கீல் சாய்வாக வெட்டப்பட்டது. கையை எடுத்தால், கதவு தன் எடையாலேயே மெல்ல இறங்கிச் சாத்திக்கொள்ளும். இதை விளக்கலாம் என்று மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் கதவு நகர ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை.

இயக்குநர் வெளியே இருந்தார். எப்படி வந்தார் என்று மாணவிக்குக்கூடத் தெரியவில்லை. எட்டு நிமிடம் பதினாலு விநாடி ஆகவில்லை என்பது மட்டும் உறுதி. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். நெற்றியைத் துடைத்தார். பூட்டிலிருந்த சாவியை ஒரு முறை பார்த்தார்.

"உள்ளே வேற வழி ஏதாவது இருக்கா? அதாவது… திறக்க?"

"இல்லை சார்," என்றார் மெக்கானிக். "கழலாத குமிழ் இன்னும் வரலை."

மெக்கானிக் கதவைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்க, இயக்குநர் சென்சாரையே பார்த்துக்கொண்டு நின்றார். வயர் காற்றில் லேசாக ஆடியது. பிறகு மெக்கானிக்கின் கையிலிருந்த தாளை வாங்கினார். சுவரில் வைத்து, 'பெட்டி பொருத்தப்பட்டது, நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேதி போட்டார். முத்திரையும் வைத்தார்.

"மாட்டிட்டீங்க," என்றார் மெக்கானிக்கிடம். "புரிஞ்சுதா? நல்லா உறுதியா மாட்டியிருக்கீங்க."

"ஆமா சார்."

"வருஷா வருஷம் ஆய்வுக்கு ஆள் வரும். அவங்களும் வெளியேயிருந்தே பார்த்துக்குவாங்க."

அவர் படியிறங்கிப் போனார். பெட்டி தரையில் கிடந்தது. மெக்கானிக் அதைக் காலால் உருட்டி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்தினார். நல்ல கனமான இரும்பு. கதவு அசையவில்லை.

"போய் உன் குப்பியை எடுத்துக்கிட்டு வாம்மா," என்றார். "நான் இங்கேயே நிக்கறேன்."